செயற்கை நீர்நிலைகளில் மீன் விடுதல்: சால்மன் அனுபவமும் தங்கவயல் ஏரிகளும்

கோலார் தங்கவயல்: மனிதர் கட்டிய அணைகளிலும், வெட்டிய கால்வாய்களிலும், இயல்பான போக்கு மாற்றப்பட்ட ஆறுகளிலும் மீன்களைக் கொண்டுவந்து விடும் வழக்கம் உலகின் பல நாடுகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. இவ்வாறு விடப்பட்டு, மிக விரிவாக ஆராயப்பட்ட மீன்களுள் சால்மன் முதன்மையானது. அதன் வெற்றிகளும் தோல்விகளும் ஆண்டு வாரியாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத கோலார் மாவட்டத்தில் நீர்நிலை என்றாலே அது பெரும்பாலும் மனிதர் கரை எழுப்பிய ஏரிதான். அந்த ஏரிகளில் மீன்குஞ்சுகள் இருப்பு செய்யப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டு முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும் அவற்றுள் பலவற்றிற்கு வந்து சேர்கிறது. எனவே, சால்மன் வாழாத இந்த மண்ணுக்கும் சால்மன் தரும் பாடம் பொருந்துகிறது. ஒரு நீர்நிலையில் மீனை விடுவது வேறு. அந்த மீன் அங்கே வாழ்ந்து, இனம் பெருக்கி, உண்பதற்கு ஏற்றதாக இருப்பது வேறு என்பதே அப்பாடம்.

சால்மன் எது, காலா எது?

தமிழகக் கடற்கரை மீன் சந்தைகளில் 'இந்தியன் சால்மன்' என்ற பெயரில் விற்கப்படுவது காலா மீன் ஆகும். இது வெப்பமான கடல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. சதையின் சுவையையும் உருவத்தையும் கண்டு ஆங்கிலேயர் காலத்தில் சூட்டப்பட்ட பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இரண்டுக்கும் உறவு இல்லை.

உண்மையான சால்மன் மீன்கள் வட அட்லாண்டிக், வட பசிபிக் பெருங்கடல்களுக்கும் அவற்றில் கலக்கும் குளிர்ந்த ஆறுகளுக்கும் உரியவை. ஆற்றின் மேற்பகுதியில், ஓடும் நீருக்கடியில் உள்ள கூழாங்கல் படுகையில் அவை முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஆற்றில் வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. சில ஆண்டுகளுக்குப் பின் தாம் பிறந்த ஆற்றின் மணத்தை அடையாளம் கண்டு, அங்கேயே திரும்பி வந்து முட்டையிடுகின்றன. பசிபிக் சால்மன் வகைகளுள் பெரும்பாலானவை முட்டையிட்டபின் இறந்துவிடும்.

டிரவுட் எனப்படும் மீன்களும் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றுள் ரெயின்போ டிரவுட் என்ற வானவில் டிரவுட், 1989-ஆம் ஆண்டு முதல் பசிபிக் சால்மன்களின் பேரினத்திலேயே வகைப்படுத்தப்படுகிறது. நீலகிரியின் அணைகளில் நீந்தும் டிரவுட், அவ்வகையில் சால்மனின் நெருங்கிய உறவு ஆகும்.

இந்தக் குடும்பத்தின் தேவைகள் மூன்று. முதலாவது, குளிர்ந்த, ஆக்ஸிஜன் செறிந்த நீர். இரண்டாவது, முட்டையிடுவதற்கு வண்டல் படியாத கூழாங்கல் படுகை. மூன்றாவது, கடலுக்குச் செல்லும் வகைகளாயின், போகவும் வரவும் தடையில்லாத வழி. மாற்றியமைக்கப்பட்ட நீர்நிலைகளில் இம்மூன்றில் ஒன்றாவது குறைவுபடுவதே வழக்கம்.

உலக அனுபவம்

1864-ஆம் ஆண்டு, பனிக்கட்டியும் பாசியும் இட்டுப் பொதிந்த அட்லாண்டிக் சால்மன் முட்டைகளும் பழுப்பு டிரவுட் முட்டைகளும் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டன. டாஸ்மேனியாவின் பிளென்டி என்ற இடத்தில் இதற்கென வெட்டப்பட்ட குளங்களில் அவை பொரிக்கப்பட்டன. முயற்சியின் முதன்மை நோக்கம் சால்மன். ஆனால் ஆற்றில் விடப்பட்ட சால்மன் கடலுக்குச் சென்று திரும்பி வந்து நிலைபெறவில்லை. துணையாகச் சென்ற பழுப்பு டிரவுட்தான் அங்கே பெருகியது.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் நடந்தது வேறு வகை. கப்பல் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட கால்வாய் வழியாக அயல் மீன்கள் மேல் ஏரிகளுக்குள் நுழைந்தன. அவற்றுள் ஏல்வைஃப் என்ற சிறு மீன் அளவின்றிப் பெருகி, கரைகளில் பெருந்திரளாகச் செத்து ஒதுங்கியது. அதனை உண்பதற்காக 1966-இல் மிச்சிகன் மாநிலம் பசிபிக் பெருங்கடலின் கோஹோ சால்மனை மிச்சிகன் ஏரியில் கலக்கும் ஓடைகளில் விட்டது. சிறு மீன் குறைந்தது. தூண்டில் மீன்பிடிப்பு பெருந்தொழிலாக வளர்ந்தது. ஆயினும் 2000-களின் முற்பகுதியில் ஹூரான் ஏரியில் ஏல்வைஃப் வீழ்ச்சியடைந்தபோது, அதை நம்பியிருந்த சினூக் சால்மனின் மீன்பிடிப்பும் உடன் வீழ்ந்தது. ஒரே ஓர் இரையை நம்பி ஒரு மீனை விடுவதன் இடர் அங்கே தெரியவந்தது.

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் ஆலைக் கழிவும் நகரக் கழிவுநீரும், படகுகளுக்காகக் கட்டப்பட்ட தடுப்பணைகளும் சேர்ந்து 1830-களில் சால்மனை அற்றுப்போகச் செய்தன. நீர் தூய்மையடைந்த பின் 1979 முதல் குஞ்சுகள் தொடர்ந்து விடப்பட்டன. 1993-இல் திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கை 338 ஆக உயர்ந்தது, அதன்பின் சரிந்தது. பின்னாளில் ஆற்றில் கிடைத்த சால்மன்களின் மரபணுவை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு, அவை விடப்பட்ட குஞ்சுகளின் வழிவந்தவை அல்ல, தென் இங்கிலாந்தின் பிற ஆறுகளிலிருந்து தாமாகவே வந்தவை என்று காட்டியது. குஞ்சு விட்டதைக் காட்டிலும், நீரைத் தூய்மைப்படுத்தி வழியைத் திறந்ததே பயனளித்தது என்பது அதன் பொருள்.

செயற்கை நீர்வழியே வெற்றி பெற்ற சான்றுகளும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீவர் கிரீக் ஓடையருகே 1965-இல் சாக்கை சால்மனுக்கென்றே ஒரு வளைந்த கால்வாய் வெட்டப்பட்டது. அதன் தரையில் உரிய அளவில் சலித்த கூழாங்கற்கள் பரப்பப்பட்டு, நீரின் வேகமும் ஆழமும் கட்டுப்படுத்தப்பட்டன. மீன்கள் தாமாகவே அதில் ஏறி முட்டையிட்டன. மனிதர் வெட்டிய கால்வாய் என்பதால் மீன் அதை வெறுப்பதில்லை. தன் தேவைகள் அங்கே நிறைவேறுகின்றனவா என்பதே அதற்குக் கணக்கு.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1942-இல் கட்டி முடிக்கப்பட்ட கிராண்ட் கூலி அணையில் மீன் ஏறும் வழி அமைக்கப்படவில்லை. அணைக்கு மேலுள்ள பல நூறு கிலோமீட்டர் ஆறு சால்மன் இன்றிப் போயிற்று. அதை நம்பி வாழ்ந்த தொல்குடி மக்கள் உணவையும் வழிபாட்டுப் பொருளையும் ஒருசேர இழந்தனர். 2019 ஆகஸ்டில் கோல்வில் பழங்குடிகள், அணைகளுக்கு மேல் சினூக் சால்மன்களை ஏற்றிச் சென்று விட்டனர். அம்மக்களுக்கு அது மூதாதையர் உரிமையை மீட்கும் செயல். தூண்டில் பொழுதுபோக்கு அன்று.

நீலகிரி: தமிழகத்தின் சால்மன் குடும்பம்

தென்னிந்தியாவில் இக்குடும்பம் வாழ்வது உயரமான மலைகளில் மட்டுமே. 1860-களில் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் கொண்டுவர முயன்றார். குளிர்பதன வசதி இல்லாத நெடுங்கடல் பயணத்தில் முட்டைகளைக் காப்பது அரிதாக இருந்தது, அம்முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸ் அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் மேற்கொண்ட முயற்சியில் ரெயின்போ டிரவுட் நிலைபெற்றது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைக்கப்பட்டது.

டிரவுட் முதலில் விடப்பட்டவை மலை ஓடைகளே. பின்னர் பைக்காரா, குந்தா மின்திட்டங்களுக்காக முக்கூர்த்தி, அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி போன்ற அணைகள் எழுந்தபோது அவ்வோடைகளின் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களாக மாறியது. ஆழ்ந்த குளிர்ந்த தேக்கத்தில் டிரவுட் வளர்கிறது. ஆனால் முட்டையிட அதற்கு மேல் ஓடைகளின் கூழாங்கல் படுகை வேண்டும். இயற்கைப் பெருக்கம் எல்லா இடத்திலும் போதுமானதாக இராது என்பதால், பொரிப்பகத்தில் முட்டையெடுத்துக் குஞ்சு விடும் பணியைத் தமிழக மீன்வளத் துறை நடத்திவருகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. டிரவுட் ஊன் உண்ணும் மீன்; பூச்சி, இறால், சிறு மீன், தலைப்பிரட்டை ஆகியவை அதன் இரை. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே காணப்படும் ஒரு நன்னீர் இறால் இனத்துக்கு, ஆங்கிலேயர் காலத்தில் விடப்பட்ட ரெயின்போ டிரவுட் அச்சுறுத்தலாகக் கருதப்படுகிறது. மலையின் உச்சி ஓடைகளில் வாழும் உயிரினங்கள் பெரும்பாலும் வேறெங்கும் இல்லாதவை. அவை அங்கே அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும்.

தங்கவயலில் ஏன் இயலாது?

நீலகிரியிலிருந்து கோலார் மேட்டுநிலத்துக்கு வந்தால் நீரின் இயல்பே மாறுகிறது. அவலாஞ்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. தங்கவயல் அதில் பாதி உயரத்துக்கும் குறைவானது. ஆழமற்ற ஏரிகள் கோடையில் வெயிலால் விரைவில் சூடேறுகின்றன. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். 25 டிகிரியைத் தொடும் நீரில் சால்மன் குடும்ப மீன்கள் நெடுநேரம் உயிர்வாழ்வது அரிது. எனவே இங்கே சால்மன் விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தங்கவயல் நகரின் நீர் வரலாறு பேத்தமங்கலாவுடன் பிணைந்தது. பாலாற்றின் குறுக்கே அமைந்த அந்தப் பழைமையான ஏரியிலிருந்துதான், சுரங்கங்கள் செழித்திருந்த ஆங்கிலேயர் காலத்தில் சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே குடிநீர் கொண்டுவரப்பட்டது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தது அந்த நீரையே.

2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பணியை நிறுத்தியபின் சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்தது. ஊரின் நடுவே, தங்கம் பிரித்தெடுத்த பின் எஞ்சிய அரைமண் குன்றுகளாக நிற்கிறது. மக்கள் அவற்றைச் 'சயனைடு மலை' என்று குறிப்பிடுகின்றனர். மழையில் அம்மண் கரைந்து தாழ்வான இடங்களில் படிகிறது. வண்டல் மூடிய படுகையில் எந்த மீனின் முட்டையும் மூச்சுத்திணறும். எனவே இக்குன்றுகளின் அருகிலுள்ள குட்டைகளில் மீன் விடுவதற்கு முன் நீரையும் அடிச்சேற்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது தவிர்க்கமுடியாத தேவை.

ஏரிகளில் விடப்படும் மீன்கள்

கோலார் ஏரிகளில் பொதுவாக இருப்பு செய்யப்படுபவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளும், சாதாக் கெண்டை, புல் கெண்டை போன்றவையும் ஆகும். கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடுவதால் ஒரே ஏரியில் மூன்றும் போட்டியின்றி வளர்கின்றன. இவையும் பாலாற்றின் பூர்வீக மீன்கள் அல்ல. கங்கை முதலிய வட இந்திய ஆறுகளுக்கு உரியவை.

சால்மனுக்கும் இவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சால்மனுக்கு ஓடும் நீரின் கூழாங்கல் படுகை எப்படியோ, பெருங்கெண்டைகளுக்கு மழைக்காலத்துப் புதுவெள்ளம் அப்படி. தேங்கி நிற்கும் ஏரியில் அவை கொழுத்து வளரும், ஆனால் முட்டையிடுவதில்லை. ஒரு காலத்தில் கங்கைக் கரையில் வெள்ளத்தில் வலைபோட்டு முட்டையும் குஞ்சும் சேகரித்தே நாடெங்கும் அனுப்பினர். 1957 ஜூலை 10-இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியோரும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசிவழிச் செலுத்திப் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளே தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இன்று ஏரியில் விடப்படும் குஞ்சுகள் அம்முறையின் வழிவந்தவையே.

இதன் விளைவு தெளிவானது. ஏரியின் கெண்டை மீன் ஒருமுறை விட்டால் பெருகிவிடும் செல்வம் அன்று. ஏரி நிரம்பும் ஒவ்வொரு ஆண்டும் குஞ்சு வாங்கி விட வேண்டும். ஏரி வற்றினால் முதலீடும் வற்றும். குத்தகை எடுத்த மீனவர் சங்கத்துக்கு, மழை பொய்த்த ஆண்டு கடன் ஆண்டாகிவிடுகிறது.

தாமே பெருகும் மீன்களோ வேறுவிதச் சிக்கல் தருகின்றன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா என்ற ஜிலேபிக் கெண்டை தேங்கிய நீரிலும் இனம் பெருக்கி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு இந்தியாவில் தடை உள்ளது. கோலார் ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தவை. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழேரிக்கும், முடிவில் ஆற்றுக்கும் நீர் செல்லும். ஓர் ஏரியில் விடப்படும் மீன் வெள்ள ஆண்டில் பாலாறு வழியாகத் தமிழகத்துக்கும் வந்து சேரக்கூடும்.

சுத்திகரிக்கப்பட்ட நீரும் மீனும்

பெங்களூருவின் கோரமங்களா - சல்லகட்டா பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் அளவுக்குக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புவதற்கு 'கே.சி. வேலி' திட்டம் வகுக்கப்பட்டது. 2018 ஜூன் மாதத்தில் முதலாவதாக லட்சுமிசாகர் ஏரிக்கு நீர் வந்தது. நிலத்தடி நீரை உயர்த்துவதே திட்டத்தின் நோக்கம். குடிநீராகப் பயன்படுத்துவது அன்று. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நின்றதை உழவர்கள் வரவேற்றனர். அதே ஆண்டில் ஏரி நீரில் நுரை தோன்றியது அச்சத்தை எழுப்பியது. நீரின் தரத்தைக் கேள்விக்குள்ளாக்கிய வழக்கில் 2018-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும், 2019-இன் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் தற்காலிகத் தடை விதித்தன. பின்னர் தடைகள் நீங்கி நீர் வரத்து தொடர்ந்தது.

ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஏரி மீன் வளர்ப்புக்கு ஏற்றதாகத் தோன்றும். கழிவுநீரில் மீன் வளர்ப்பது இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்தில் நகரின் கழிவுநீரைக் கொண்டு பல தலைமுறைகளாக மீன் வளர்க்கப்படுகிறது. 2002-இல் அது ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கழிவுநீர் ஆழமற்ற குளங்களில் வெயிலில் கிடந்து, பாசியாலும் நுண்ணுயிராலும் தெளிந்த பின்னரே மீனுக்குப் பயன்படுகிறது. நீரை எப்போது, எவ்வளவு விடுவது என்பதை அறிந்த அனுபவம் அதன் அடிப்படை.

அந்த அளவு தவறினால் நேர்வதற்குப் பெங்களூருவே சான்று. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரமாகின்றன. பகலில் ஆக்ஸிஜனைத் தரும் அதே பாசி, இரவில் அதை உட்கொள்கிறது. விடியற்காலையில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்து, மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். இது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. காரீயம், கேட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்கள் கலந்திருப்பின், அவை கண்ணுக்குத் தெரியாமல் மீனின் உடலில் சேரும். அந்த மீன் துள்ளும், எடை கூடும், சந்தையில் நல்ல விலையும் பெறும். ஆய்வுக்கூடம் மட்டுமே அதை அடையாளம் காட்டும்.

மீன் விடும் முன் கேட்க வேண்டியவை

ஏரி ஒன்றில் மீன்குஞ்சு விடும் நிகழ்ச்சி நடைபெறும்போது, அவ்வூர் மக்களும் மீனவர் சங்கத்தினரும் ஐந்து வினாக்களை எழுப்பலாம்.

1. விடப்படுவது எந்த இனம்? அனுமதிக்கப்பட்ட இனமா? பதிவு பெற்ற பொரிப்பகத்திலிருந்து வந்ததா?

2. ஏரிக்கு வரும் நீர் எது? மழைநீரா, சுத்திகரிக்கப்பட்ட நீரா, சுரங்க மண் கழுவி வரும் நீரா?

3. நீரோடு அடிச்சேறும் மீனின் சதையும் சோதிக்கப்படுகின்றனவா? முடிவுகள் கிராம பஞ்சாயத்து அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றனவா?

4. குஞ்சுகளின் அளவும் விடும் முறையும் சரியா? கண்ணுக்குத் தெரியாத அளவுக் குஞ்சுகளைக் காட்டிலும் விரலளவுக் குஞ்சுகள் பிழைப்பது அதிகம். கொண்டுவந்த பையை ஏரி நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, வெப்பநிலை சமமான பின் காலையிலோ மாலையிலோ திறந்துவிட வேண்டும். நண்பகலில் கொட்டினால் அதிர்ச்சியிலேயே பெரும்பகுதி இறக்கும்.

5. எத்தனை விடப்பட்டன என்பதோடு, எத்தனை பிடிபட்டன என்பதும் பதிவாகிறதா? தேம்ஸ் ஆற்றில் உண்மை வெளிப்பட்டது, திரும்பி வந்த மீனைச் சோதித்துப் பதிவு செய்ததால்தான்.

பேத்தமங்கலா போன்று குடிநீருக்கும் உரிய நீர்நிலைகளில் இவ்வினாக்கள் இருமடங்கு முக்கியத்துவம் பெறுகின்றன. அங்கே மீனுக்காகத் தீவனமோ சாணமோ கொட்டுவது குடிநீரைக் கெடுக்கும். மறுபுறம், ஏரியில் மீன் உயிரோடு இருப்பது நீரின் நிலையைக் காட்டும் எளிய அறிகுறியாகும். ஆனால் அது சோதனைக்கு மாற்று ஆகாது.

தங்கத்தை எடுத்த நிறுவனம் சென்றுவிட்டது. மண்குன்றுகளும் ஏரிகளும் எஞ்சியுள்ளன. ஏரிகளுள் பல இன்று மீண்டும் நிறைகின்றன. அவற்றில் விடப்படும் மீன் மக்களின் உணவாவதும் ஊருக்கு வருவாயாவதும், குஞ்சு விடும் நாளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அந்த ஏரிக்கு ஆண்டு முழுவதும் எத்தகைய நீர் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.